சாவு வீட்டுப் புள்ளிகள்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் மென்பந்து கிரிக்கெட் லீக்குக்கு நான் செயலாளரானதற்குக் காரணம் அது ஒன்றுதான். தெரிவு நடந்த அன்று நான் கூட்டத்துக்கே போகவில்லை. போயிருந்தால், என் ஆட்டத்தைப் பார்த்திருந்த யாராவது எழுந்து மறுப்புச் சொல்லியிருப்பார்கள். வராத மனிதனை யார் மறுப்பது? “அவன்கிட்ட மெசின் இருக்கு, கொப்பி சும்மா அடிச்சுத் தருவான்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எல்லாரும் கைதூக்கியிருக்கிறார்கள். மறுநாள் காலை லீக் தலைவர் கடைக்கு வந்து, ஒரு பழைய புள்ளிப் புத்தகத்தையும் ரப்பர் முத்திரையையும் மேசையில் வைத்துவிட்டு, “வாழ்த்துகள்” என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். வாழ்த்தைக்கூடத் தண்டனை மாதிரித்தான் சொல்வார்.

அது நடந்து ஆறு வருடமாகிறது. முத்திரையின் மை காய்ந்துவிட்டது. நானும் அப்படித்தான்.

இருபத்துநான்கு தோட்டத்து அணிகள். எல்லாம் ஒரே பட்டியலில். ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆட வேண்டுமென்றால் இருபத்துமூன்று ஞாயிற்றுக்கிழமை வேண்டும். எங்கள் ஊரில் அத்தனை ஞாயிறு கிடையாது. மார்கழி பிறந்தால் நல்லதண்ணித் தோட்டத்துப் பையன்களெல்லாம் சிவனொளிபாதமலைக்கு வரும் சனத்துக்குத் தொப்பியும் இனிப்பும் விற்கப் போய்விடுவார்கள். வைகாசி முடிந்தால் மழை. நடுவில் தீபாவளி, மாரியம்மன் திருவிழா, தேர்தல். தோட்டத்தில் கொழுந்து கூடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை போட்டுவிடுவார்கள். எந்த வருடமும் போட்டிகள் முடிந்ததில்லை. மழை வந்த அன்று யார் மேலே இருக்கிறார்களோ அவர்களுக்குக் கிண்ணம்.

அதைவிடப் பெரிய அலுப்பு ஒன்று இருந்தது. திம்புள்ளப் பக்கத்து அணி ஒன்று பத்து ஓவரில் நூற்றைம்பது அடிக்கும். எதிரணி பதினாலுக்குச் சுருண்டுவிட்டு, மதியச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, வந்த லொறியிலேயே ஏறிப் போகும். அந்தப் பதினாலு பெரும்பாலும் நாங்கள் அடித்ததாக இருக்கும்.

ஆகவே லீக்கைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. தோட்டத்தில் டிவிசன் என்றாலே மேல்மலை, கீழ்மலை என்று ஏற்கெனவே ஒரு சண்டை இருப்பதால், அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘அடுக்கு’ என்று பெயர் வைத்தோம். எட்டு எட்டு அணிகளாக மூன்று அடுக்கு. கடைசி மூன்று வருடத்துப் புள்ளிகளைக் கூட்டி, மேலே வரும் எட்டு முதல் அடுக்கு. அடுத்த எட்டு இரண்டாவது. மிச்சம் மூன்றாவது. வருட முடிவில் ஒவ்வொரு அடுக்கிலும் கடைசியாக வருபவர் இறங்குவார், கீழடுக்கில் முதலாவதாக வருபவர் ஏறுவார். விதிமுறைகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கொப்பி அடிக்கிறவனுக்கு எழுதவும் தெரியும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை.

நான் உட்கார்ந்து எழுதினேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அனுபவித்தே எழுதினேன். அதிலும் ஒன்பதாவது விதியை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன்: ‘முதலாம் அடுக்கில் ஆடும் அணியொன்று, ஒரு பருவத்தில் இரு தடவைகள், எக்காரணத்தாலாயினும் பதினொருவரைக் களமிறக்கத் தவறுமாயின், அவ்வணியின் பெயர் லீக்கிலிருந்து நீக்கப்படும்.’ அக்கரப்பத்தனையிலிருந்து லொறி பிடித்து வருகிறவர்கள், இங்கே வந்து ஆறு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகக்கூடாது அல்லவா? மூன்றாம் அடுக்குக்கு மட்டும் எட்டுப் பேர் போதும் என்று எழுதினேன். அது எங்கள் அணியை மனதில் வைத்து எழுதியது. எங்களிடம் ஆறு பேர்தான் நிரந்தரம். என்னையும் சேர்த்தால் ஆறரை.

எங்கள் தோட்டத்தில் இளசுகள் கிடையாது. கொழும்பில் சாப்பாட்டுக் கடையிலும் உடுப்புக் கடையிலும் நிற்கிறார்கள். வரிசை வீடுகளான லயங்களில் இருப்பதெல்லாம் பென்சன் எடுத்தவர்கள்தான். இரண்டு பேர் மட்டும், மெச் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் போட்டால், முதலாளியிடம் ஏதாவது பொய் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை ரயிலேறி வந்துவிடுவார்கள். அந்த இரண்டு பேரின் அம்மாக்களும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “மெச் எப்ப தம்பி?” என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது. மெச் இருந்தால் மகன் வருவான், அவ்வளவுதான். லீக்கில் எங்கள் பெயர் போனால் அந்த ரயிலும் போகும். மூன்றாம் அடுக்கில், பக்கத்துத் தோட்டங்களோடு, எட்டுப் பேரை வைத்து இன்னும் நாலைந்து வருடம் ஓட்டிவிடலாம் என்பதுதான் என் திட்டம்.

புள்ளிகளைக் கணினியில் போட்டுக் கூட்டினேன். எங்கள் அணி ஆறாவது இடத்தில் வந்தது.

ஆறாவது என்றால் கீழிருந்து இல்லை. மேலிருந்து.

முதலில் கணினியைச் சந்தேகப்பட்டேன். பிறகு என் விரல்களை. மறுபடி கூட்டினேன். மறுபடியும் ஆறு. மூன்று வருடத்தில் நாங்கள் ஜெயித்ததாக எனக்கு ஞாபகமுள்ளவை நாலு ஆட்டம். அதில் ஒன்றில் எதிரணித் தலைவருக்கு வயிற்றுப்போக்கு. நாலுக்கு எட்டுப் புள்ளி. எங்கள் பெயருக்கு நேரே இருந்ததோ இருபத்தாறு. புள்ளிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒன்பது இடத்தில் ‘ஆட்டம் நடைபெறவில்லை’ என்று எழுதி, எங்களுக்கு இரண்டு புள்ளி போட்டிருந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. அப்போதுதான் விளங்கியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை யாரும் பந்தைத் தொடமாட்டார்கள். ஆட வந்த அணி அதை, ஆடாமலே தனக்குக் கிடைத்த வெற்றியாக, வாக்ஓவராக எடுத்துக்கொள்ளாது. செத்த வீட்டுக்குப் போய்க் கை கொடுத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, வந்த அணியின் தலைவர் புத்தகத்தை வாங்கி, சாவு விழுந்த தோட்டத்துக்கு இரண்டு புள்ளியையும் தன் கையால் எழுதிவிட்டுப் போவார். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று இருக்கிறதே, அந்தக் கணக்கு. யார் தொடங்கியது என்று தெரியாது. எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

சனிப் பிணம் தனியாகப் போகாது என்பார்கள். எங்கள் தோட்டத்தில் அது இரண்டு புள்ளியையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறது. மற்றத் தோட்டங்களில் ஆட்கள் ரன் எடுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஆட்கள் செத்தார்கள். ஒன்பது பேரின் தோளில் ஏறி நாங்கள் முதல் அடுக்குக்கு வந்துவிட்டோம்.

பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அரை மணி நேரத்தில், செயலாளர் தன் அணியைத் தானே மேலே தூக்கிக்கொண்டார் என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் சிரிக்கும் முகங்களாகப் பதினைந்து போட்டார். அன்று பின்னேரம் நான் லயத்துக்கு ஏறி வரும்போது, இரண்டாம் லயத்துக் கோடியில் உரப்பை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை மறித்தார். ஒரு காலத்தில் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடி வெட்டுகிற மாதிரியே பேச்சையும் வெட்டுவார். அவர் உட்காரும் இடத்திலிருந்து எங்கள் மைதானம் முழுசாகத் தெரியும். நான் விக்கெட் காப்பதைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துச் சகித்தவர்.

“என்ன மருமகனே, நாங்க எல்லாம் சேந்து ஒங்கள மேல தூக்கி விட்டுட்டமாமே?”

“யாரு மாமா சொன்னது?”

“ஊரே சொல்லுது. ஒம்பது பேராமே. அதுல எங்க அண்ணனும் ஒருத்தரு. உசுரோட இருக்கையில ஒங்களுக்கு ஒரு பந்து பொறக்கித் தந்ததில்ல. செத்து ரெண்டு பொயிண்ட் எடுத்துட்டாரு பாத்தியா!” சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. “இன்னும் வேணும்னா சொல்லு, நான் ரெடியாத்தான் இருக்கேன். ஆனா நல்ல மெச்சா பாத்துச் சொல்லு. சும்மா மெச்சுக்கு நம்மள வீணாக்கிராத.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, “வாயப் பாரு வாய” என்று சத்தம் போட்டார்.

எங்கள் அணித் தலைவன் ஆட்டோ ஓட்டுகிறவன். என்னைவிட நாலு வயது இளையவன். நான் அவனைத் தேடிப் போனபோது, ஆட்டோவின் பின் கண்ணாடியில் ‘முதலாம் அடுக்கு’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஆட்டோவை முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தாலும் அந்த ஸ்டிக்கரை உரித்து வைத்துக்கொள்வான் போலிருந்தது, அவ்வளவு பதமாக நீவிக்கொண்டிருந்தான்.

“தம்பி, நாம கீழ போயிருவோம்” என்றேன்.

“எங்க, கீழ கடைக்கா?”

“மூணாவது அடுக்குக்கு. நம்மகிட்ட ஆள் இல்லடா. ரெண்டு தடவ பதினொன்னு இல்லன்னா பேரையே வெட்டிருவாங்க.”

“யாரு அப்புடி ரூல்ஸ் போட்டது?”

“நான்தான்.”

“அண்ணே, ஒங்களுக்கு அந்த மெசின் சூடுதான் தலையில ஏறியிருக்கு.”

அந்தப் புள்ளிகள் ஆடி எடுத்தவை அல்ல, சாவுக்குத் தந்தவை என்று விளக்கினேன். ஆடாத ஆட்டங்களின் புள்ளியைக் கழித்துவிட்டால் நாம் தானாகவே கீழே வந்துவிடுவோம், யாருக்கும் வெட்கமில்லை என்றேன். அவன் ஸ்டிக்கரை விட்டுக் கையை எடுத்தான்.

“தெரியும்ணே. அந்த ஒம்பதுல எங்க அப்பாவும் இருக்காரு. திம்புள்ள கேப்டன் கணக்கப்புள்ள டீமோட வந்து, வாசல்ல நின்னு, எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. எங்க அப்பாவுக்கு இந்தத் தோட்டத்துல வேற யாரு என்னா குடுத்தா? அதக் கழிக்கப் போறீங்களா?”

நான் பேசாமல் இறங்கி வந்தேன். ஆனால் கூட்டத்தில் பேசினேன். எனக்குப் புத்தி வர ஒரு தடவை அவமானப்பட்டால் போதாது.

ஹட்டனில் ஒரு மண்டபத்தில் கூட்டம். இருபத்துநான்கு தலைவர்கள். ‘ஆடப்படாத ஆட்டங்களின் புள்ளிகளை நீக்குதல்’ என்று நான் ஒரு பிரேரணை கொண்டுவந்தேன். எங்கள் நாட்டு விளையாட்டு வரலாற்றில் சொந்த அணியைக் கீழே இறக்கப் பேசிய முதல் செயலாளர் நானாகத்தான் இருக்க வேண்டும். வழிமொழிய ஆளில்லை. பிறகு திம்புள்ளப் பக்கத்து அணித் தலைவர் எழுந்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வேலையாட்களை மலையில் நிறுத்தி வேலை வாங்குகிறவர், குரலும் அந்த மலைக்கு ஏற்றது. மூன்று வருடமாகக் கிண்ணம் அவர் வீட்டு அலுமாரியில்தான்.

“செக்ரட்டரி, நான் ஒன்னு கேக்குறேன். பொணத்துக்குப் போட்ட மாலைய, திரும்பி வரையில கழட்டிக்கிட்டா வருவோம்?”

“அது இல்லீங்க கணக்கப்புள்ள…”

“நாங்க குடுத்தது ஒங்களுக்கு இல்ல. ஒங்க ஆட்டத்துக்கு யாரு குடுப்பா? செத்த வீட்டுக்குக் குடுத்தோம். அத நீங்க எப்புடித் திருப்பித் தருவீங்க?”

கைதட்டினார்கள். வாக்கெடுப்பு. என் கை ஒன்றுதான் மேலே நின்றது. எங்கள் அணித் தலைவன் என் பக்கத்து நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

அதே கூட்டத்தில் என் விதிமுறைகள் அப்படியே நிறைவேறின. ஒன்பதாவது விதியைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாவு வழக்கத்தை அதில் சேர்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மூச்சு விடு என்று யாராவது சட்டத்தில் எழுதுவார்களா?

முதல் ஆட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். ஒன்பது பேர் சேர்ந்தோம். பத்தாவது என் மச்சான். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பதினோராவது ஆளாக, எங்களை ஏற்றிப் போன வேன்காரரையே இறக்கினோம். சிங்கள மனிதர். “நான் வேன் ஓட்டவா, பந்து புடிக்கவா?” என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் அன்று பிடிபட்ட ஒரே கெட்ச் அவர் பிடித்ததுதான். முப்பத்தொரு ரன்னுக்கு எல்லாரும் ஆட்டமிழந்தோம். திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. அவர் மட்டும் அந்தக் கெட்ச்சை வளைவுக்கு வளைவு ஒரு தடவை சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது, றொசல்லயில். வேன்காரருக்குக் கல்யாண ஓட்டம். கொழும்புப் பையன்களுக்கு லீவு கிடைக்கவில்லை. எட்டுப் பேர் போய் நின்றோம். எதிரணித் தலைவர் என்னிடம் பாவம் பார்த்தபடி, “நீங்களே எழுதிக்கிறீங்களா, நான் எழுதவா?” என்று கேட்டார். நானே எழுதினேன்: ஒன்பதாவது விதி, முதல் தடவை. என் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வர ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். பசித்தது. கால் வலித்தது. ஆடாமலே எப்படிக் கால் வலிக்கிறது என்று மச்சான் கேட்டார். வயசு என்றேன்.

மூன்றாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில், திம்புள்ளக் கணக்கப்பிள்ளையின் அணியோடு. ஆள் குறைந்தால் பெயர் போய்விடும். அந்த வாரம் முழுக்க நான் கடையில் கொப்பி அடிக்கவில்லை, போன்தான் அடித்தேன். தலைவனும் சவாரியை விட்டுவிட்டு ஆள் பிடித்தான். கொழும்புப் பையன்கள் இரண்டு பேரும், பாட்டி செத்துவிட்டதாக ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை பின்னேரமே வந்து இறங்கினார்கள். மச்சான் வந்தார். வேன்காரர் தானாகவே வந்தார், அவருக்கு ருசி பிடித்துவிட்டது. அன்று பின்னேரம் பந்து போட்டுப் பழக இறங்கியபோது, மைதானத்தில் எல்லாரையும் நிறுத்தி எண்ணினேன். பதினொன்று.

இரண்டாம் லயத்துக் கோடியிலிருந்து பெரியவர் கூவினார்: “மருமகனே! பதினொன்னா? நல்லா எண்ணிப் பாத்தியா, ஒன்னையும் ஆளுன்னு சேத்துட்டியா?”

ஞாயிற்றுக்கிழமை விடிந்து, நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. தேத்தண்ணிக்கு எழுப்பப் போயிருக்கிறார் மனைவி. பெரியவர் எழும்பவில்லை.

பற்பசை வாயோடு நான் அப்படியே நின்றேன். முதலில் துக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது ஒன்பதாவது விதி. ‘எக்காரணத்தாலாயினும்.’ அந்தச் சொல்லை எவ்வளவு ரசித்து எழுதினேன்! சாவு வழக்கம் விதியில் இல்லை. நாங்கள் இறங்காவிட்டால் இரண்டாவது தடவை. பெயர் வெட்டு. வாக்ஓவர் என்று யாராவது ஒருவர் ஆட்சேபம் கிளப்பினால், என் கையாலேயே வெட்ட வேண்டும். கிளப்ப வாட்ஸ்அப்பில் ஆளா இல்லை?

எட்டு மணிக்குள் லயத்து வாசலில் வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள். தப்பு அடிக்க ஆள் வந்துவிட்டது. பதினொரு பேரும் அங்கேதான் நின்றோம், கதிரை இறக்கவும் தறப்பாள் கட்டவும். நான் தலைவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“தம்பி… பொணம் எடுக்க மூணு மணியாகும்…”

“ம்.”

“பத்து ஓவர் தானே. வெள்ளனவே ஆடி முடிச்சிட்டா…”

அவன் தறப்பாள் கயிற்றை இழுத்துக் கட்டினான். முடிச்சுப் போட்டான். பிறகு மெதுவாக, “எங்க அப்பா செத்த அன்னைக்கி எவனும் ஆடலண்ணே” என்றான். “பேரு போனா போகட்டும்.”

அவன் ஸ்டிக்கர் ஒட்டிய ஆட்டோ பக்கத்தில்தான் நின்றது. நான் அதைப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை. அன்று எனக்கு வந்த வெட்கம், முப்பத்தொரு ரன்னுக்கு வந்ததைவிடப் பெரிது.

ஒன்பதரைக்குத் திம்புள்ள லொறி வந்தது. தப்புச் சத்தத்தை வளைவிலேயே கேட்டிருப்பார்கள். லொறியை மேலேயே நிறுத்திவிட்டு, தொப்பிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கி வந்தார்கள். கணக்கப்பிள்ளை உள்ளே போனார், கை கொடுத்தார், கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து தேத்தண்ணி குடித்தார். பிறகு வழக்கம்போல் என்னிடம் கையை நீட்டினார்.

“புத்தகத்தக் குடுங்க செக்ரட்டரி.”

“எழுத முடியாதுங்க கணக்கப்புள்ள.”

“ஏன், பேனா இல்லயா?”

விதிமுறைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். கூடவே நடுவராக வந்திருந்த லீக் தலைவரும் எட்டிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை ஒன்பதாவது விதியை விரல் வைத்து, வாய் அசைத்து வாசித்தார்.

“இத எழுதுனது எந்த மடையன்?”

“நான்தாங்க.”

“கேக்கத் தேவையில்ல.” மறுபடி வாசித்தார். நிமிர்ந்தார். “களமிறக்கத் தவறுனா. அம்புட்டுத்தானே? ஆடணும்னு எங்க இருக்கு? எறக்குங்க. பதினோரு பேரும் போய்க் கால வச்சிட்டு ஏறி வந்துருங்க.”

தலைவர் தொண்டையைச் செருமினார். முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் கோடு போட்டவர், சும்மா இருப்பாரா? “ஒரு பந்தாவது போட்டால்தான் ஆட்டம் தொடங்கியதாக அர்த்தம். அது பதினோராவது விதி.”

அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

பந்து என்றதும் எங்கள் தலைவன் தலையை ஆட்டிவிட்டான். முடியாது. கணக்கப்பிள்ளை அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “வீட்டுல கேளுங்களேன்” என்றார். தலைவன் உள்ளே போனான். நான் வாசலில் நின்றேன். அவன் குனிந்து ஏதோ சொல்வதும், பெரியவரின் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்பதும் தெரிந்தது. பிறகு அவர் குரல் கேட்டது.

“ஒரு பந்துதானே? போட்டுட்டு வாங்க சாமி. இல்லாட்டி நேத்து எதுக்கு அம்புட்டு நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு?”

இறங்கினோம். கால்சட்டையில் பாதிப் பேர், சாரத்தில் பாதிப் பேர். வேன்காரர் செருப்பைக் கழற்றினார். மைதானத்தின் கீழ்ப்பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே தேயிலை. மேலே லயத்தில் தப்புக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. கணக்கப்பிள்ளையே மட்டையோடு வந்து நின்றார். தலைவன் வெறுங்காலோடு ஓடி வந்து போட்டான். நேரான பந்து. கணக்கப்பிள்ளை மட்டையைத் தூக்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டார். அது என்னிடம் வந்தது. குனிந்தேன். உலகத்தில் பிடிக்க அதைவிட லேசான பந்து ஒன்று இருக்க முடியாது. என் இரண்டு காலுக்கும் நடுவால் போய், சரிவில் உருண்டு, தேயிலைக்குள் இறங்கிவிட்டது. நாலு.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. யாரும் பந்தை எடுக்கவும் போகவில்லை. எனக்கு மட்டும் இரண்டாம் லயத்துக் கோடியைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. உரப்பை அங்கேயே கிடந்தது.

லீக் தலைவர் கையை உயர்த்தினார். “பனிமூட்டம். ஆட்டம் நிறுத்தப்படுகிறது.”

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எதிர்மலையில் கொழுந்துக் கூடையின் நிறம்வரை தெரிந்தது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பனிமூட்டத்தால் நின்ற ஆட்டத்துக்கு ஆளுக்கொரு புள்ளி என்பது விதி. கணக்கப்பிள்ளை புத்தகத்தை வாங்கி, எங்கள் பெயருக்கு நேரே இரண்டு போட்டார். தன் பெயருக்கு நேரே கோடு போட்டார். “கையெழுத்துப் போடுங்க செக்ரட்டரி” என்றார். போட்டேன். பிறகு இரண்டு அணியுமாக மேலே ஏறிப் போனோம். மூன்று மணிக்குப் பாடையின் முன்பக்கம் எங்கள் தலைவனும் கணக்கப்பிள்ளையும் பிடித்தார்கள். நான் பின்னால் பிடித்தேன். வேன்காரர் கொடி பிடித்தார். கொழும்புப் பையன்கள் அன்று திரும்பிப் போகவில்லை. பாட்டி செத்தாள் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால், அதற்கு மேல் இரண்டு நாள் லீவு கேட்பது லேசாக இருந்ததாம்.

குழுவில் ஒருவர், ‘வெயில் நாளில் என்ன பனிமூட்டம்?’ என்று எழுதினார். கணக்கப்பிள்ளை, ‘எங்க கண்ணுல இருந்துச்சு’ என்று ஒரு வரி பதில் போட்டார். அதற்குப் பிறகு யாரும் எழுதவில்லை.

மீதி ஆட்டங்களில் எப்படியோ ஒவ்வொரு தடவையும் பதினொரு பேரைக் காட்டினோம். ஒரு தடவை தபால்காரர் ஆடினார். ஒரு தடவை கோயில் பூசாரி. நிஜப் பனிமூட்டத்தில் நின்ற ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தோற்றோம். பருவ முடிவில் எட்டு அணியில் ஏழாவதாக வந்தோம், அந்த இரண்டு புள்ளியால். அந்தப் பனிமூட்டத்தில் எங்களோடு நின்றவர்கள், அந்த ஒரே புள்ளியோடு எட்டாவது வந்து கீழே போனார்கள், நிம்மதியாக. நாங்கள் முதல் அடுக்கிலேயே இருக்கிறோம். இன்னும் ஒரு வருடம் வேன், லொறி, போன், பூசாரி. தலைவன் பழைய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் புது வருடத்தை எழுதி இன்னொன்று ஒட்டிவிட்டான்.

போன வாரம் விதிமுறைகளைத் திருத்த உட்கார்ந்தேன். சாவு வழக்கத்தையும் எழுத்தில் சேர்த்துவிடலாம் என்று. யாருடைய சாவு? தோட்டத்துக்குள்ளேயா, சொந்தக்காரர் வெளியூரில் செத்தாலுமா? எத்தனை மணிக்குள்? மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு லீக் தலைவரிடம் கேட்டேன். “எழுதாதீர்கள்” என்றார். “எழுதினால் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.” அந்த மனிதர் இத்தனை வருடத்தில் எனக்குக் குறைத்துத் தந்த ஒரே வேலை அது.

அன்று பின்னேரம் லயத்துக்கு ஏறி வரும்போது, பெரியவரின் மனைவி அதே இடத்தில் அதே உரப்பையில் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, அவரு பொயிண்ட் எழுதியாச்சா?”

“எழுதியாச்சுங்க அத்த. அதாலதான் நிக்கிறோம்.”

“எத்தன?”

“ரெண்டு.”

“ஒன் காலுக்கு நடுவுல நாலு போச்சாமே?”

“…ஆமாங்க அத்த.”

“நல்ல வேள, மனுசன் முந்தியே போயிட்டாரு” என்றார். “அதப் பாத்திருந்தா இன்னொருக்கா செத்திருப்பாரு.”